கம்ப்யூட்டருக்கு ஏர் அடித்த ஞாயிற்றுக்கிழமை

இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் யூனிட்டில் துடைப்பத்தை நம்பி எதுவும் ஆகாது. தறி ஓடுகிற இடத்தில் பஞ்சுத் தூசி காற்றிலேயே இருக்கும். மிஷினின் சந்து பொந்துகளில் ஏறி, மெத்தை மாதிரி படிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை ஓட்டி, ரப்பர் ஹோஸைப் பிடித்து ஒவ்வொரு மிஷினாக ஊதி எடுப்போம். அதற்கு ஏர் அடிக்கிறது என்று பேர். மோட்டாருக்கு, சுவிட்ச் போர்டுக்கு, தறிக்கு, கடைசியில் நம் தலைக்கும் சட்டைக்கும் அடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம். ஏர் அடித்தால் எதுவும் சுத்தமாகும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே வேலை பழகி, தொண்ணூறுகளின் நடுவில் ஃபிட்டர் என்று கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தேன். கை வேலை வரும். ஆனால் பயம் ஜாஸ்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தேரடி வரை வந்த பிறகு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் இறங்கி, எதிர் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போனதும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய பயம் தீ. முதலில் வேலை பார்த்த மில்லில் ஒரு மோட்டாரின் மேல் படிந்திருந்த பஞ்சில் பொறி பட்டு, கண் மூடித் திறப்பதற்குள் அந்த வரிசை முழுக்க எரிந்ததை நேரில் பார்த்தவன் நான். அன்றிலிருந்து மின்சாரம் ஓடும் எந்தப் பெட்டியின் மேலும் பஞ்சைக் கண்டால் அதை எடுக்காமல் என்னால் நகர முடியாது.

கம்ப்யூட்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் பெட்டிகளில் ஒட்டுவதற்கான லேபிளையும், எந்தப் பெட்டியில் எத்தனை உருளை என்கிற சீட்டையும் அடிப்பதற்காக முதலாளி வாங்கிப் போட்டார். ஆபீசுக்குள்ளேயே கண்ணாடி வைத்து ஒரு அறை தடுத்தார்கள். அந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அதில் உட்கார்ந்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்த ஒரு அக்கா. அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அதற்கு முன்பு பதினோரு வருஷம் துணி மடிக்கிற மேசையில் நின்றவர். அந்த மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. நின்று நின்று அவர் கால்களில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து, நீலமாகிவிட்டது. இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலங்களில் டைப் அடிக்கப் படித்து வைத்திருந்ததால் முதலாளி அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். நாற்காலி கிடைத்த முதல் நாள், பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. "இன்னைக்குப் பூரா உக்காந்தாச்சு. செத்த நேரம் நின்னுக்கிடுதேன், கொழுப்பு ஏறிறப் போவுது" என்றார்.

அவர் அங்கே உட்கார்ந்ததில் மேனேஜருக்குச் சம்மதம் இல்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, மடிப்பு மேசைக்காரி எதற்கு என்பது அவர் கட்சி. ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் கிளம்பாமல், திரையில் இங்கிலீஷில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மேனேஜர் மதுரைக்குப் போன் போட்டு இன்ஜினியரை வரவழைத்தார். இன்ஜினியர் வந்து, உள்ளே மாட்டியிருந்த ஃப்ளாப்பியை வெளியே உருவினார். கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது. காபி குடித்துவிட்டுப் போனார். அந்த ஃப்ளாப்பியை முந்தின நாள் உள்ளே போட்டது மேனேஜர்தான். ஆனாலும் முதலாளியிடம், "அந்தம்மாவுக்கு மிஷின் பிடிபடல" என்றுதான் அவர் சொன்னார்.

அது நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் ஃபேன்களைத் துடைப்பதும் அன்றைய வேலைதான் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், போர்த்திய துணி மறைக்காத இடத்தில், சின்ன ஃபேன் இருக்கும் சல்லடையில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தது. ஏசி அறைதான், கதவு சாத்திய அறைதான். ஆனால் எங்கள் சட்டையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு பஞ்சு எங்கேயும் போய்விடும். எனக்கு அந்த எரிந்த வரிசை ஞாபகம் வந்துவிட்டது. ஹோஸை இழுத்து வந்தேன்.

கம்ப்ரஸர் தொட்டிக்குள் ராத்திரியெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ளும். காலையில் ஓட்டுவதற்கு முன் அடியில் இருக்கும் திருகைத் திறந்து அதை இறக்கிவிட வேண்டும். நான் தினமும் இறக்குகிறவன். இறக்கினேனா என்று இன்னொரு தரம் திறந்து பார்க்கிறவன். அன்றைக்கு மதியம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் அந்தத் திருகைத் தொடவே இல்லை. தறிகளையெல்லாம் விட்டுவிட்டு முதல் வேலையாக இங்கே வந்து, சல்லடை வழியாக உள்ளே அடித்தேன். முதல் அடியில் பஞ்சு பறந்தது. அதோடு பொடிப் பொடியாக ஈரமும் பறந்தது. என் புறங்கையில் பட்டது. வெளியே தெரிந்ததை வேட்டித் துணியால் துடைத்தேன். உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. பார்க்காததால் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாண வீட்டில் பாயசம் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அக்கா சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று தரம் சத்தம். கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி மூன்று. அக்கா முதலில் ஃப்ளாப்பி இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இல்லை. அணைத்துப் போட்டார். மறுபடி மூன்று.

மேனேஜர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் அது வெளியே வந்துவிடும். "ஏமிரா இதி" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்து. பிறகு அக்காவைப் பார்த்து, "என்னம்மா செஞ்ச?" என்றார்.

"சனிக்கெழமை ஒழுங்காத்தான் சார் அணைச்சேன். துணியும் போத்திட்டுத்தான் போனேன்."

"நீ எதுவுமே செய்யல. அது தானா ஊமையாயிருச்சு. அப்படித்தான?"

"ஊமையாகல சார், கத்துதுல்லா" என்றார் அக்கா.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. மறுநாள் காலை முதலாளி வெளியூரிலிருந்து வருகிறார். அதே நாள் சாயங்காலம் லாரி ஏற்ற வேண்டும், லேபிள் இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது. மதுரை இன்ஜினியரோ புதன்கிழமைதான் வர முடியும் என்றார். அதுவரை போனில் சொல்கிறேன், யாராவது கை வேலை தெரிந்தவரை வைத்துப் பாருங்கள் என்றார். கை வேலை தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்து வந்தேன்.

போன் மேனேஜர் மேசையில் இருந்தது. வயர் கண்ணாடி அறை வரை எட்டாது. அதனால் அக்கா போனில் கேட்டு எனக்குக் கத்த, நான் பார்த்ததைத் திரும்பக் கத்த, அதை அவர் போனில் சொல்ல வேண்டும். மேனேஜர் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, லாரி ஆபீசுக்குப் போய் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

"மூணு தரம் கத்துதா, எட்டு தரமான்னு கேக்காரு."

"மூணு."

"மூணுன்னா மெமரியாம். பெட்டியத் தொறக்கச் சொல்லுதாரு. கரண்ட்டப் புடுங்கிட்டியான்னு கேக்காரு."

"புடுங்கியாச்சு." போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

மூடியைக் கழற்றினேன். அதற்கு முன்பு கம்ப்யூட்டரின் உள்பக்கத்தை நான் பார்த்ததில்லை. பச்சைப் பலகையின் மேல் ஒரு சின்ன ஊரே இருந்தது. மூலையில், ஃபேனுக்கு நேர் எதிரே, பஞ்சு ஈரத்தில் நனைந்து காய்ந்தும் காயாமலும் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது.  கையால் மறைத்துக்கொண்டு அதை விரலால் எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"நெட்டக்குத்தா பச்சைச் சீட்டு நாலு நிக்கும். ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கும். கொக்கிய வெளிய தள்ளி, சாச்சு எடுக்கணுமாம். ஒடைச்சிறாத."

நான்கையும் எடுத்தேன். அவற்றின் அடி விளிம்பில் பல் பல்லாக இருக்கும் உலோகத்தைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்க்கச் சொன்னார் இன்ஜினியர். அக்கா தன் மேசை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து வந்து, நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் சனிக்கெழமை என்ன செஞ்சிட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்லே. ஒண்ணும் தட்டுப்படல" என்றார். நான் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டினோம். போட்டோம். பீப், பீப், பீப்.

அக்கா மறுபடி போனை எடுத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன பதில்கள் மட்டும் எனக்குக் கேட்டன. "இல்ல சார், தண்ணி படல... இல்ல சார், யாரும் தொடல... நான் ஒருத்திதான் சார் தொடுவேன்." பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "போர்டே போயிருக்கும்ங்காரு. அணைக்கத் தெரியாம அணைச்சா இப்படித்தான் ஆகுமாம். ஆபரேட்டர் தப்புன்னு எழுதித் தந்துருவாராம்." அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி நின்றார்.

"அக்கா, நான் நேத்து அதுக்கு ஏர் அடிச்சேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பஞ்சு இருந்துச்சு. தீ புடிச்சிரும்னு பயந்துட்டேன். கம்ப்ரஸர்ல தண்ணி எறக்கல. ஈரம் உள்ள போயிருக்கு."

பிறகு போனைக் காதில் வைத்தார். "சார், நேத்து உள்ள காத்து அடிச்சிருக்காவ. தண்ணி கலந்த காத்து" என்றார். யார் அடித்தது என்று சொல்லவில்லை. மதுரையில் சிரித்திருப்பார்கள் போலிருக்கிறது. அக்கா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "காய வைக்கணுமாம். ஹேர் டிரையர் இருக்கான்னு கேக்காரு."

ஹேர் டிரையருக்கு எங்கே போக? ஆனால் ஈரம் என்று வந்துவிட்டால் எனக்கு வழி தெரியும். தண்ணீர் ஏறிய மோட்டாருக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காய வைப்போம். அதைச் சொன்னேன். அக்கா சொன்னார். 

"எம்புட்டுத் தூரத்துலன்னு கேக்காரு."

"ஒரு முழம்."

"பிளாஸ்டிக் உருகாமப் பாத்துக்கச் சொல்லுதாரு. பாதி நனைஞ்சதுல மூணு தரம் கரண்டு குடுத்தும் எரியாம இருக்கே, ஒங்க நல்ல நேரம்ங்காரு."

மதியம் இரண்டு மணிக்குப் பல்பைக் கட்டினேன். நிமிஷத்துக்கு ஒருமுறை புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். வேறு எவனாவது என்றால் பல்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். என்னால் முடியாது, மூன்று மணி நேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பெயின்ட் பிரஷ் ஒன்றை வாங்கி வரச் சொல்லி, பலகையில் ஒட்டியிருந்த பஞ்சை நுனியால் தட்டித் தட்டி எடுத்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் காகிதக் கட்டின் மேல் தூக்கி வைத்திருந்தார். என்னோடு பேசவில்லை. மேனேஜர் திரும்பி வந்து பல்பைப் பார்த்துவிட்டு, "என்ன, குஞ்சு பொரிக்கவா?" என்று கேட்டார்.

"ஈரம் ஏறியிருக்கு சார்" என்றார் அக்கா.

"ஏசி ரூமுல ஈரமா? ஜன்னலத் தொறந்து போட்டுட்டுப் போயிருப்ப."

அக்கா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்து, எண்கள் கடகடவென்று ஏறின. எனக்கு மூச்சு வந்தது. உடனே நின்றும் போனது, ஏனென்றால் எண்கள் முடிந்ததும் ஒரு வரி வந்து எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. அக்கா வாசித்தார். ஹார்டு டிஸ்க் தெரியவில்லை என்கிறதாம். லேபிள் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை அவர் போனுக்குப் போகவில்லை. "ஏலே, அந்தச் சீட்ட எடுக்கையில வேற எதையும் கழத்துனியா?"

யோசித்தேன். கை நுழையவில்லை என்று, சாம்பல் நிறத்தில் நாடா மாதிரி அகலமாக இருந்த ஒரு வயரை இழுத்து ஒதுக்கியிருந்தேன். குனிந்து பார்த்தால் அதன் ஒரு முனை பாதி வெளியே நின்றது. அணைத்துவிட்டு, முனையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். போட்டோம். ஒரு பீப். எண்கள். பிறகு சி என்ற எழுத்தும், பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடும். அக்கா முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, லேபிள் தாளை பிரின்டரில் மாட்டினார். பிரின்டர் கர் கர் என்று அடிக்கத் தொடங்கியதும் மேனேஜர் வந்து முதல் லேபிளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னைக்கு ஓடிருச்சு. நாளைக்கு? ஒரு மாசத்துல ரெண்டாவது தரம்மா இது. காலையில மொதலாளிட்டச் சொல்லிருதேன். நீ மடிப்புக்கே போயிரு. படிச்ச புள்ளையாப் பாத்து ஒண்ணப் போட்டுக்கிடுவோம்."

ஆறே கால் பஸ்ஸில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். சத்திரப்பட்டி ரோடு பிரியும் விலக்கு தாண்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க ஏங்க்கா அவர்ட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"எத?"

"நான்தான் அடிச்சேன்னு."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில இருந்து ஒனக்குக் காதா இருந்தேன், கண்ணா இருந்தேன். வாயாவும் நானே இருக்கணுமா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. இறங்கும்போது படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். முதலாளி கார் வரும் வரை கேட் பக்கம் நின்றேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். வீட்டில் என்ன சொல்வது, வேறு எந்த யூனிட்டில் கேட்பது, அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்களோ. இரண்டு தரம் உள்ளே போய்க் கம்ப்ரஸரில் தண்ணீரை இறக்கிவிட்டு வந்தேன். அதில் இறக்க ஒன்றும் இல்லை. கார் வந்து நின்றதும் என் கால் ரோட்டுப் பக்கம்தான் திரும்பியது. எப்படியோ கதவுப் பக்கம் போய், "மொதலாளி, ஞாயித்துக்கெழமை கம்ப்யூட்டருக்கு ஏர் அடிச்சுட்டேன். அதான் நின்னு போச்சு. அக்கா மேல தப்பில்ல" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் பழைய மில்லுக்காரர். முதலில் புரியாமல் பார்த்தார். "ஏர் அடிச்சா எப்படி நிக்கும்? நல்லதுதான?"

"தண்ணி எறக்கல மொதலாளி."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "கம்ப்ரஸர்ல தண்ணி எறக்காம ஓட்டுனியா? எத்தன வருஷமா வேல பாக்க நீ? ஒன்ன நம்பித்தானல அத விட்டுருக்கேன்." கம்ப்யூட்டரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஐந்து நிமிஷம் கம்ப்ரஸருக்காகவே திட்டினார். கடைசியில், "யாரு சரி பண்ணுனா?" என்றார்.

"அக்கா போன்ல கேட்டுச் சொன்னாவ. நான் கழத்தி மாட்டுனேன். கடைசியில வயர் வெளிய நிக்கிறத அவியதான் கண்டுபிடிச்சாவ, யாரையும் கேக்காம."

ஆபீசுக்குள் போனார். மேனேஜர் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "கேட்டுட்டேன், கேட்டுட்டேன்" என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து லேபிள் அடித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். என்னை இரண்டு மாதம் வெளுக்கிற தொட்டிப் பக்கம் மாற்றினார். கம்ப்ரஸரைத் தொடக் கூடாது என்றார். அது எனக்குப் பெரிய தண்டனைதான். அதை வேறு ஒருவன் சரியாக இறக்குகிறானா என்று தினமும் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே கண்ணாடி அறைக்குத் தனிப் பூட்டு வந்துவிட்டது. சாவி அக்காவின் மணிபர்சில் இருந்தது. பஸ்ஸில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முதலில் டிக்கெட், பிறகு மழை, பிறகு அவருடைய அம்மாவின் இருமல். அவர் மேனேஜரைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் முதலாளியிடம் சொன்னதைப் பற்றியும் பேசவில்லை.

இரண்டு மாதம் முடிந்து நான் தறிப் பக்கம் திரும்பிய வாரம், சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் அவர் மணிபர்சைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு ஃபேன் தொடைக்க வருவேல்லா. பிரஷ் மேசை மேல இருக்கு, பின்னால அந்தச் சல்லடைய மட்டும் தட்டி விட்டுரு. பொறவு ஜன்னல் சாத்தியிருக்கா, சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் பூட்டிட்டுப் போ."

எனக்குக் கை நீளவில்லை. "வேண்டாங்க்கா. வேற யார்ட்டயாவது குடுங்க."

"வேற எவனாவது ஒரு தரந்தான் பாப்பான். நீ மூணு தரம் பாப்ப" என்றார்.

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் வளைவில் திரும்பியபோது பைக்குள் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன்.

"இருக்கு, இருக்கு" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.